சிகுலிக்கில் என் பெயர்

மார்ச் 3, திங்கள்

ஹெலிகாப்டர் இன்றும் கிளம்பவில்லை. காற்று அதிகமாம். காத்திருப்போர் அறையில் இருக்கும் ஒரே சோபாவில் ஒரு வேட்டைக்காரர் காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விடுகிறார். எதிரே நான், காது சோதனைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

கிழக்குக் கரைக்கு வழக்கமாகப் போகிறவர் ஆல்ஃபிரெட். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, அதனால் நான். "சிகுலிக்னு ஒரு சின்ன ஊரு. எழுபது பேர்கூட இருக்க மாட்டாங்க, பாதிப் பேருக்குக் காது அவுட். எல்லாம் துப்பாக்கிச் சத்தம்," என்றார். ஊர்ப் பெயரைக் கேட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார்களோ?

என் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. அம்மா இளவயதில் ஒரு குளிர்காலம் அங்கே பள்ளியில் வேலை பார்த்தாள். நான் அவள் வயிற்றில். அவள் தங்கியிருந்த வீட்டுக்காரியின் பெயர் செவெரீனே. உறைந்த கடல்மேல் நடந்து வரும்போது பனிக்கட்டி உடைந்து உள்ளே போய்விட்டாள். அடுத்த மாதம் நான் பிறந்தேன். பெயர் எனக்கு வந்தது. அம்மா அதற்குமேல் பேசியதில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

இறந்தவரின் பெயரோடு அவருடைய உறவுகளும் சேர்ந்து வரும் என்பது நம் ஆட்களில் யாருக்கும் புதிதில்லை. மேற்கே எங்கள் ஊரில் அது பிறந்தநாள் விருந்தில் சிரிக்கிற விஷயமாகிவிட்டது. செத்துப்போன தாத்தாவின் பெயர் வைத்த பக்கத்து வீட்டுப் பொடியனை அவன் அத்தை "அப்பா, மூக்கைத் துடைங்க" என்பாள், எல்லோரும் சிரிப்போம். கிழக்கே எப்படியோ.

மார்ச் 5, புதன்

வந்து சேர்ந்தேன்.

ஹெலிகாப்டர் இறங்கினால் நாய்கள் ஊளையிடும். எங்கும் அப்படித்தான். இங்கே சங்கிலியில் கிடந்த நாய்கள் இறக்கை ஓயும்வரை ஊளையிட்டன. நான் பெட்டியோடு அவற்றைக் கடந்தபோது ஒன்றுகூடக் குரைக்கவில்லை. எழுந்து நின்று பார்த்தன.

வரவேற்க வந்தவள் பவுலீனே. அறுபத்தைந்து இருக்கலாம், முன்பல் இல்லை, வாய் ஓயாது. மருத்துவ நிலையத்தின் சாவி அவளிடம்தான். பின்னறையில் எனக்குப் படுக்கை.

"பேரு என்ன?"

"செவெரீனே."

"எந்த வருஷம் பொறந்தே?"

சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். பிறகு பெட்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நாசமாப் போச்சு. வா அண்ணி. உன் வீட்டுக்காரர் வீட்டுலதான் இருக்கார்."

யெரெமியாஸ் அவளுடைய அண்ணன். எழுபத்தேழு வயது, பெரிய கைகள். ஜன்னலோரம் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பவுலீனே அவர் காதில் கத்தினாள். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"என்னடி, இவ்வளவு நாளா?" என்றார். கோபமே இல்லை. கடைக்குப் போய்விட்டு லேட்டாக வந்தவளைக் கேட்கிற மாதிரி. "உன்னைப் பொறுமையாத் தேடினேன். அந்த வாத்தியாரம்மா உன் பேரை வயித்துக்குள்ள வச்சுக் கப்பல்ல ஏத்திட்டுப் போயிட்டா. இங்க ஒரு பிள்ளைக்கும் வைக்க முடியலை. உசிரோட இருக்கறவ பேரை எப்படி வைக்கிறது?"

பவுலீனே சிரித்தாள். "அண்ணி, என் பொரிச்சட்டியை வாங்கிட்டுப் போனியே, அது எங்க?"

நானும் சிரித்தேன். சீல் இறைச்சியும் அரிசியும் வெங்காயமும் போட்டுக் கொதித்த கஞ்சி வந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை. பவுலீனே என் தோளைப் பிடித்து அதில் அழுத்தி உட்கார வைத்தாள்.

அப்போதுதான் அவருடைய மகள் உள்ளே வந்தாள். ஹன்சீனே, ஊர்க் கடையை நடத்துகிறவள். ஐம்பத்தொன்று என்றார்கள், என்னைவிட எட்டு வயது மூத்தவள். விஷயத்தைச் சொன்னதும் தலையசைத்து, "வாங்க," என்றாள். அவ்வளவுதான். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

யெரெமியாஸ் கிண்ணத்தை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். பிள்ளை அன்னிக்குப் பின்னாடியே வந்து தொண்டை கிழியக் கூப்பிட்டுச்சே. உனக்குக் கேக்கலையா?"

கதவு சாத்தும் சத்தம். ஹன்சீனே போய்விட்டாள்.

"கேக்கலை போல," என்றேன்.

"ம். காத்து அந்தப் பக்கமா இருந்திருக்கும்," என்றார்.

மார்ச் 6, வியாழன்

காலையிலிருந்து சோதனை. ஹெட்போனை மாட்டிவிட்டு மெல்லிய ஒலியை அனுப்புவேன். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வேட்டைக்காரர்களுக்கு ஒரு பக்கக் காது எப்போதும் மோசம், துப்பாக்கியைச் சாய்க்கிற பக்கத்தைப் பொறுத்து.

பவுலீனே கையைத் தூக்கிக்கொண்டே இருந்தாள். நான் ஒலியே அனுப்பாதபோதும்.

"இப்ப ஒண்ணும் இல்லையே, நாத்தனாரே." (வாயில் அப்படி வந்துவிட்டது.)

"இருக்கு. நல்லாக் கேக்குது."

"என்ன கேக்குது?"

"மெஷின் உன்னோடது. நீதான் சொல்லணும்."

காதுக்குள்ளேயே எழும் இரைச்சல், வயதானவர்களுக்குச் சகஜம். அப்படித்தான் எழுதி வைத்தேன். ஆனால் அவள் போன பிறகு நான் அதே ஹெட்போனை மாட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

யெரெமியாஸுக்குக் காது மெஷின் பொருத்தினேன். முதலில் தன் மேல்சட்டையின் உரசலைக் கேட்டுப் பயந்தார். பிறகு கெட்டிலை. பிறகு என்னைப் பேசச் சொன்னார்.

"என்ன பேசணும்?"

தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது அவ குரல் இல்லை," என்றார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏனோ அடிபட்ட மாதிரியும் இருந்தது. அவர் என் கையைத் தட்டினார். "பரவால்லை. அவ்வளவு நாள் தண்ணிக்குள்ள இருந்தா குரல் மாறத்தானே செய்யும்."

இதைச் சொல்லிவிட்டுச் சர்க்கரையை நீட்டுகிறார்!

வெளியே போகும்போது அவர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த சீல் தோல் காலணியைப் போட்டுக்கொண்டேன். என் பூட்ஸ் வழுக்குகிறது என்றார். பொருந்தியது. எனக்குக் கால் சின்னது, எந்தக் கடையிலும் பொருந்தாது.

கடைக்குப் போனேன், ரொட்டி வாங்க. "நீங்க இன்னும் சோதனைக்கு வரலையே," என்றேன். ஹன்சீனே சில்லறையைக் கல்லாப்பெட்டிமேல் வைத்தாள், கையில் தரவில்லை. "எனக்கு நல்லாவே கேக்கும்."

மார்ச் 8, சனி

மூடுபனி. ஹெலிகாப்டர் ரத்து.

மார்ச் 9, ஞாயிறு

மூடுபனி. தேவாலயத்தில் பெண்கள் பக்கம் எனக்கென்று இடம் விட்டிருந்தார்கள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நீட்டியவள் என்னைப் "பெரியம்மா" என்றாள். அவளுக்கு அறுபது இருக்கும்.

யாரும் தப்பாக நடக்கவில்லை. எல்லோரும் அன்பு. அப்படியிருந்தும் ராத்திரி அறைக் கதவைத் தாழிட்டேன். வீட்டில்கூட நான் தாழிடுவதில்லை.

மார்ச் 10, திங்கள்

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மதியம் மூடுபனி கொஞ்சம் விலகியது. அறைக்குள் அடைந்து கிடந்து பைத்தியம் பிடிக்கும்போல இருந்ததால் நடக்கக் கிளம்பினேன். பவுலீனே ஒரு கம்பைக் கொடுத்தாள், நுனியில் இரும்பு. "பனிக்கட்டியைக் குத்திப் பாத்துப் பாத்துப் போ. சறுக்குவண்டித் தடத்தை விட்டு விலகாதே. கரை முனை பக்கம் போகாதே, அங்க நீரோட்டம், பனிக்கட்டி மெலிசு." நான் தலையாட்டினேன். எங்கள் ஊர்க் கடல் உறைவதில்லை. பனிக்கட்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஊர்வலம் போகிறவள் மாதிரிக் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன்.

தடம் தெளிவாகத்தான் இருந்தது. பிறகு மூடுபனி திரும்ப இறங்கியது, கதவைச் சாத்துகிற மாதிரி. ஊரும் மறைந்தது, மலையும் மறைந்தது. காலடியில் தடம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியாது. பயமே இல்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது. கால்கள் தாமாகப் போய்க்கொண்டிருந்தன, தெரிந்த வழி மாதிரி.

பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"அம்மா—!"

ஒரு தடவைதான். சின்னப் பெண்ணின் குரல். கடைசியை நீட்டி, இந்தக் கரையில் பிள்ளைகள் கூப்பிடுவார்களே, அப்படி. என்னை யாரும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் நின்றேன். திரும்பினேன். வெள்ளை. ஆள் இல்லை, நாய் இல்லை, என் காலடித் தடம் மட்டும்.

திரும்பி முன்னால் பார்த்தேன். சறுக்குவண்டித் தடத்தைக் காணோம். எப்போதோ அது வளைந்து போயிருக்கிறது, நான் நேரே வந்திருக்கிறேன். என் காலுக்கு முன்னால் பனிக்கட்டி வேறு நிறம். நனைந்த சிலேட் மாதிரி. கம்பை நீட்டி மெதுவாக வைத்தேன். குத்தக்கூட இல்லை. சத்தமே இல்லாமல் உள்ளே போனது. அதைச் சுற்றிக் கறுப்பாகத் தண்ணீர் ஏறியது. அப்போது பார்த்தேன், அந்தப் பரப்பு முழுக்க மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கம்பை அங்கேயே விட்டுவிட்டேன். என் தடத்தின்மேலேயே கால் வைத்து வைத்துத் திரும்பினேன். அழுதேன் என்று நினைக்கிறேன், கன்னத்தில் உறைந்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லோரும் ஈஸ்டர் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டுச் சொல்லிக்கொடுத்த உபதேசியாரைக் கேட்டேன், யாராவது வெளியே வந்தார்களா என்று. "இந்தப் பனியிலயா? எல்லாம் இங்கதான் கத்திட்டு இருக்குதுங்க," என்றார்.

யெரெமியாஸிடம் போனேன். வேறு எங்கே போவது? நடந்ததைச் சொன்னேன். அவர் காது மெஷினைக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"சின்னப் பொண்ணு குரலா?"

"ஆமா."

"அம்மான்னா?"

"ஆமா."

மெஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இனி இன்றைக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்பது மாதிரி. "அப்ப இந்தத் தடவை உனக்குக் கேட்டிருக்கு," என்றார்.

வாசல் பக்கம் ஏதோ விழுந்தது. ஹன்சீனே, அப்பாவுக்கு ரொட்டி கொண்டு வந்தவள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. கீழே விழுந்ததை எடுக்காமல் போய்விட்டாள்.

அறைக்கு வந்து என் காதை நானே சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. அந்தக் கிழவர் முதல் நாள் சொன்னது மனசில் கிடந்திருக்கும். பயத்தில் மூளை எதையும் உண்டாக்கும். ஆனால் எனக்குத்தான் பயமே இல்லையே, அந்த நேரத்தில்! கூப்பிட்ட பிறகுதானே பயம் வந்தது?

மார்ச் 11, செவ்வாய்

காலையில் துணி துவைக்கப் போனேன். குளியலறையும் சலவை இயந்திரங்களும் இருக்கும் ஊர்ப் பொதுக் கட்டடம். ஹன்சீனே அங்கே இருந்தாள், தனியாக. காத்திருந்தாள் என்றே நினைக்கிறேன். அவள் இயந்திரத்தில் துணி எப்போதோ துவைத்து முடிந்திருந்தது.

"நேத்து அப்பாகிட்ட சொன்னது நிஜமா? இல்ல வயசான மனுஷன் சந்தோஷப்படட்டும்னா?"

"நிஜம்."

"எப்படிக் கூப்பிட்டுச்சு?"

கூப்பிட்டுக் காட்டினேன். அந்த ஈரமான சின்ன அறையில் அது அசிங்கமாகப் பெரிதாகக் கேட்டது. அவள் இயந்திரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கூப்பிடவே இல்லை," என்றாள்.

புரியவில்லை எனக்கு.

"அன்னிக்கு. மீன் பிடிச்சுட்டு வந்தோம். அம்மா முன்னால, நான் பின்னால. அவங்க மேல பறவையைப் பாத்துட்டே நடந்தாங்க. கறுப்புப் பனிக்கட்டி எனக்குத் தெரிஞ்சது. அப்பா சொல்லிக் கொடுத்திருந்தாரு, அது என்னன்னு தெரியும். வாயைத் தொறந்தேன். சத்தம் வரலை. ஏன் வரலை? எத்தனையோ தடவை கேட்டுக்கிட்டேன். எட்டு வயசு, தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு. அவங்க போன பிறகு கத்தினேன், வீடு வரைக்கும் கத்திட்டே ஓடினேன். கூப்பிட்டேன், கேக்கலைன்னு அப்பாகிட்ட சொன்னேன். அவரு நம்பினாரு. ஊரே நம்புச்சு. செத்தவங்க மேல பழி போட்டுட்டேன்ல? காது கேக்காதவங்களாக்கிட்டேன்."

இயந்திரத்தைப் பார்த்தே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை.

நான் அவங்க இல்லை, ஹன்சீனே. நான் மேற்கிலிருந்து காது மெஷினோடு வந்தவள், இன்றைக்கோ நாளைக்கோ போய்விடுவேன். இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். அதுதான் நேர்மை என்றும் தோன்றியது. ஆனால் நான் செவெரீனே இல்லை என்றால் வேறு யார்? எனக்கு வேறு பெயர் இல்லையே. நேற்று நின்றது யார்? திரும்பியது யார்?

"நேத்து கூப்பிட்டே," என்றேன். "எனக்குக் கேட்டுச்சு. நின்னேன். திரும்பி வந்துட்டேன்."

அவள் இயந்திரத்தைத் திறந்து படுக்கை விரிப்பை உருவினாள். ஒரு முனையை என் கையில் திணித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்தோம், மடித்தோம், முனையோடு முனை சேர்த்தோம். மடிக்கும்போது கை பட்டது. அவள் கை கொதித்தது.

"இவ்வளவு வருஷம் கழிச்சா வரும், ஒரு சத்தம்?"

"பனிக்கட்டிமேல மெதுவாத்தான் வரும்."

பனிக்கட்டியில் ஒலி காற்றைவிட வேகமாகப் போகும். என் தொழிலே ஒலி. அவளுக்கும் அது தெரிந்திருக்கும்; பனிக்கட்டியில் காதை வைத்துக் கேட்டு வளர்ந்தவள்தானே. இருந்தும் தலையாட்டினாள். அடுத்த விரிப்பை எடுத்தாள்.

பிறகு அவளாகவே சோதனைக்கு வந்து உட்கார்ந்தாள். மிக மெல்லிய ஒலிக்கும் கை உயர்ந்தது.

மார்ச் 12, புதன்

வானம் துடைத்து வைத்த மாதிரி. ஹெலிகாப்டர் வந்தது.

வழியனுப்ப ஊரே நின்றது. யெரெமியாஸ் வரவில்லை. "போறதைப் பாக்க மாட்டாராம்," என்றாள் பவுலீனே. காலணியைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "உன் செருப்பை நீயே வச்சுக்க. பொரிச்சட்டியை மட்டும் அடுத்த தடவை கொண்டா."

ஹன்சீனே காய்ந்த மீன் ஒரு பை கொண்டு வந்தாள். இறக்கை சுற்ற ஆரம்பித்துவிட்டது. குனிந்து என் காதருகே வந்து கத்தினாள்:

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணும்மா! போன தடவை மாதிரி பண்ணாதே!"

மேலே போனதும் முனை தெரிந்தது. வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக ஒரு கண். நான் விட்டுவிட்டு வந்த கம்பைக் காணோம்.

மார்ச் 14, வெள்ளி

வீடு. ஹன்சீனேக்குப் போன் பண்ணினேன். "சாப்டியா?" என்றாள். "சாப்பிட்டேன், நீ?" என்றேன். வைத்த பிறகுதான் உறைத்தது, எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன் என்று.

ஆல்ஃபிரெட் கேட்டார், ஊர் எப்படி என்று. "நல்ல ஊர்," என்றேன்.

மே 17, சனி

யெரெமியாஸ் போய்விட்டார். தூக்கத்தில். ஹன்சீனே போனில் நேரே சொல்லிவிட்டாள், சுற்றி வளைக்கவில்லை.

"போன வாரம் அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நான் கூப்பிடலைன்னு."

"என்ன சொன்னாரு?"

"காது மெஷினைக் கழட்டி வச்சிருந்தாரு. கேட்டுச்சோ என்னவோ. தலையாட்டினாரு. அப்புறம் காபி கேட்டாரு."

என்னைவிட முப்பத்து நான்கு வயது மூத்தவர், ஒரு வாரம் பார்த்த மனுஷன். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன், அழுகை நிற்கவில்லை. எதிர்வீட்டுக்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள். வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிட்டேன், "வீட்டுக்காரர் இறந்துட்டாரு" என்று. அவள் என்னைப் பார்த்த பார்வை! எனக்குக் கல்யாணமாகிப் பிரிந்து ஒன்பது வருடமாகிறது, அவனைத்தான் நினைத்திருப்பாள். நான் திருத்தவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

கோடை வெளிச்சத்தில் சமையலறையில் மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். போன். ஹன்சீனே. மூச்சு வாங்கினாள்.

"அம்மா, அப்பா வந்துட்டாரு."

அவளுடைய மகள் பெரிய ஊரில் இருக்கிறாள், பிரசவத்துக்கு இவர்களும் அங்கே போயிருக்கிறார்கள். அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஆண். யெரெமியாஸ் என்று வைத்தாயிற்று. பின்னால் பவுலீனேயின் குரல்: "வழுக்கைத் தலை, பெரிய கை, அதே முரட்டுப் பிடி! அண்ணி, சீக்கிரம் வா, இங்க எங்களால சமாளிக்க முடியலை!" எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிப்புக்கு நடுவில் ஒரு அழுகை. சின்னது, கரகரப்பானது, நிற்காதது.

"ராத்திரியிலேருந்து இப்படித்தான். பாலும் குடிக்கலை, தூங்கவும் இல்லை," என்றாள் ஹன்சீனே. "இரு, காதுல வைக்கிறேன். ஏதாவது பேசு."

போன் உரசும் சத்தம். அழுகை மிக அருகில் வந்தது. என் கையில் மீன் செதில். இரண்டு நாள் ஆன குழந்தையிடம் என்ன பேசுவார்கள்?

"நான்தான், செவெரீனே," என்றேன்.

அழுகை நின்றது. அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக் கேட்பது மட்டும் எனக்குக் கேட்டது.

கையைக் கழுவிவிட்டு, செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டேன்.